அசெம்பிள் செய்த புதுக் கணினியில் பிராசசரின் கடிகார வேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. கணினி இயங்கத் தொடங்கிய அன்று இரவோ மறுநாள் காலையோ தொலைபேசி வரும். கேட்கப்படும் ஐயங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்களைக் காட்டி விளக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் ஏஎம்டி ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ5-12400 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் அதிகம் இருப்பவை இவைதான். வேறு மாதிரிகளுக்கு எண்கள் மாறுமே தவிர, இயங்கும் முறை மாறாது.

1. பெட்டியில் 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. விண்டோஸில் பார்த்தால் 3.5 என்றுதான் இருக்கிறது. கடையில் வேறு பிராசசரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை. கடிகார வேகம் என்பது பிராசசர் நொடிக்கு எத்தனை துடிப்புகளில் வேலை செய்கிறது என்ற எண். ரைசன் 5 5600-க்கு இரண்டு வேகங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. 3.5 கிகாஹெர்ட்ஸ் அதன் அடிப்படை வேகம். ஆறு கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நீண்ட நேரம் உழைத்தாலும், குளிர்விப்பு சரியாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும் என்று நிறுவனம் உறுதி சொல்லும் வேகம் அது. 4.4 என்பது பூஸ்ட் வேகம்; ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போது, வெப்பமும் மின்சாரமும் இடங்கொடுத்தால் தொடக்கூடிய உச்சம். ஐ5-12400-இல் இந்த இரண்டு எண்களும் 2.5, 4.4.

விண்டோஸின் சிஸ்டம் பக்கம் அடிப்படை வேகத்தை மட்டுமே எழுதிக் காட்டும். கணினி அந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை அது சொல்வதில்லை. அதை அறிய டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோரின் வேகம், வெப்பம், மின்னழுத்தம், வாட் அளவு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க எச்டபிள்யூ-இன்ஃபோ64 என்னும் இலவச மென்பொருள் போதும். கீழே வரும் பல விடைகளுக்கு அந்த மென்பொருள் தேவைப்படும் என்பதால் முதல் நாளே நிறுவிக்கொள்வது நல்லது.

2. அப்படியானால் பயாஸில் நான் எந்த எண்ணைப் போட வேண்டும்?

எந்த எண்ணையும் போட வேண்டாம். (பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய, மதர்போர்டின் அமைப்புத் திரை.) பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று மதர்போர்டின் அடிப்படைக் கடிகாரம், 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று பெருக்கி. பெருக்கி 35 என்றால் 3.5 கிகாஹெர்ட்ஸ், 44 என்றால் 4.4. இந்தப் பெருக்கியைத் தன் வெப்பம், இழுக்கும் மின்னோட்டம், உழைக்கும் கோர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து, ஒரு நொடிக்குள் பலமுறை பிராசசரே மாற்றிக்கொள்கிறது. பயாஸில் அதற்கு நேரே ஆட்டோ என்று இருப்பது ஏதோ நிரப்பாமல் விட்ட கட்டம் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அதுவே சரியான விடை.

வேகத்தைக் கணக்கிட்டுப் போடும் வேலை இன்று பிராசசருடையது. அசெம்பிள் செய்பவரின் வேலை அதைச் சுற்றியிருப்பவற்றைச் சரிசெய்வது: ராம் தன் உரிய வேகத்தில் ஓடுகிறதா, மின் வரம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா. இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் கடிகார வேகம் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

3. சரி, பயாஸுக்குள் போவதற்கு முன்னால் செய்து வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?

முதலில் பயாஸின் பதிப்பைப் பாருங்கள். மதர்போர்டு கடைக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருக்கலாம். அதற்குள் நிறுவனம் முக்கியமான திருத்தங்களை வெளியிட்டிருக்கலாம். 2023-ஆம் ஆண்டு ரைசன் 7000 எக்ஸ்3டி வகைப் பிராசசர்கள் சில, மதர்போர்டுகள் ராமைக் கட்டுப்படுத்தும் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததால் சாக்கெட்டிலேயே கருகிப்போயின. அதன் பிறகு ஏஎம்டி அந்த மின்னழுத்தத்திற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்துப் புதிய பயாஸ்களை வெளியிடச் செய்தது. அப்போது பழைய பயாஸோடு அலமாரியில் இருந்த போர்டை வாங்கி வந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் கோப்பை ஏற்றி, மின்தடை வராத நேரமாகப் பார்த்து, முடிந்தால் யுபிஎஸ் இணைப்பில் வைத்துப் புதுப்பியுங்கள்.

அடுத்து, எதையும் மாற்றாத நிலையிலேயே ஓர் அளவெடுத்து எழுதி வையுங்கள். பிராசசரின் திறனை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மதிப்பெண், உச்ச வெப்பம், கோர்களின் வேகம், வாட் அளவு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் பயன் தந்ததா, கெடுத்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. என்னிடம் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குறிப்பு இல்லாததால் வந்தவை.

4. 3200 என்று பார்த்து ராம் வாங்கினேன். 2133 என்று காட்டுகிறதே?

பயாஸில் நீங்கள் கட்டாயம் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். கடைகளில் விற்கும் 3200 ராம்களில் பல, முதல்முறை இயங்கும்போது எல்லா மதர்போர்டுகளிலும் தொடங்கும்படியான பொது வேகத்திலேயே தொடங்கும். டிடிஆர்4 வகையில் அது 2133, 2400 அல்லது 2666 ஆக இருக்கும். 3200 என்ற வேகமும் அதற்கான நேர அளவுகளும் 1.35 வோல்ட் மின்னழுத்தமும் ராமிலேயே உள்ள ஒரு சிறு சில்லில் ஒரு தொகுப்பாக எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகுப்புக்கு எக்ஸ்எம்பி என்று பெயர். ஏஎம்டி போர்டுகளில் சில நிறுவனங்கள் டிஓசிபி என்றும் ஏ-எக்ஸ்எம்பி என்றும் எழுதுகின்றன. டிடிஆர்5 காலத்தில் ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ என்ற பெயரைக் கொண்டுவந்தது. பயாஸில் அந்தப் பெயரைத் தேடி, முதல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தால் வேலை முடிந்தது.

இதில் கிடைக்கும் ஆதாயம் சிறியதன்று. இரண்டு ராம்கள் இரு சேனல்களில் (பிராசசருக்கும் ராமுக்கும் இடையே உள்ள தரவுப் பாதைகள்) இருக்கும்போது, 2133-இல் நொடிக்கு ஏறத்தாழ 34 ஜிபி தரவு போய்வர முடியும். 3200-இல் அது 51 ஜிபி. ரைசனில் இன்னொரு காரணமும் உண்டு. பிராசசரின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை, ஆட்டோ நிலையில் ராமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. ராம் மெதுவாக ஓடினால் அந்தப் பாதையும் மெதுவாகிவிடும். கடிகார வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டுவதற்காக இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரின் கணினியில் ராம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் தேடிய வேகம் ஓரிரு சொடுக்குகளில் கிடைத்திருக்கும்.

ராம்களைச் செருகிய இடத்தையும் ஒருமுறை பாருங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டில் இரண்டு ராம்கள் மட்டும் என்றால், பிராசசரின் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான போர்டுகளின் கையேடுகள் சொல்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் அமர்ந்து, தரவுப் பாதையின் அகலம் பாதியாகிவிடும்.

5. எக்ஸ்எம்பி போட்டேன். ஆனால் சிபியு-இசட்டில் 1600 என்றுதான் வருகிறது.

அதுவே சரி. டிடிஆர் என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும் முறை. சிபியு-இசட் என்ற மென்பொருள் துடிப்பை எண்ணுகிறது, ராம் பெட்டியில் உள்ள எண் எத்தனை முறை அனுப்புகிறது என்பதைச் சொல்கிறது. 1600-ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

6. எக்ஸ்எம்பி போட்டதும் திரையே வரவில்லை. போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் எதுவும் போகவில்லை. மாற்றத்திற்குப் பிறகு கணினி ராமைப் பழக்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். ரைசன் 7000 வகைக்கான ஏஎம்5 சாக்கெட்டும் டிடிஆர்5 ராமும் உள்ள கணினிகளில் இது சில நிமிடங்கள்கூட நீளும். அந்த நேரத்தில் பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்காமல் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல போர்டுகள் சில முயற்சிகள் தோற்றதும் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

அப்படியும் வராவிட்டால் சீமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் நினைவகத்தை, அழிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) சுவிட்சை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கேபினட்டின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு போர்டில் சிஎல்ஆர்-சீமாஸ் அல்லது அதை ஒத்த பெயர் எழுதப்பட்ட இரண்டு ஊசிகளை ஒரு திருப்புளியால் சில நொடிகள் சேர்த்துப் பிடியுங்கள். ஊசிகள் கண்ணில் படாவிட்டால், வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்துப் பொருத்துங்கள். எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு அதே புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, ராமின் வேகத்தை மட்டும் ஒரு படி குறைத்து, அதாவது 3200-க்குப் பதில் 3000 என்று வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக வாங்கிய ராம்களை ஒன்றாகப் போட்டவர்களுக்கே இந்தத் தொல்லை மிகுதி.

7. சும்மா இருக்கும்போது வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. 4.4-இலேயே நிறுத்தி வைக்க முடியாதா?

முடியும், ஆனால் அதனால் கிடைப்பது ஏதுமில்லை. வேலை இல்லாதபோது வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்து, பயன்படாத கோர்களை உறங்கவைத்து, வேலை வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட விரைவாக மேலே ஏறும்படியே இவை வடிவமைக்கப்பட்டுள்ளன. கோர்களை உறங்கவைக்கும் சி-ஸ்டேட் என்பதை முடக்கு, விண்டோஸில் குறைந்தபட்ச பிராசசர் நிலையை 100 விழுக்காடாக வை என்ற அறிவுரைகளைப் பின்பற்றினால் வெறுமனே இருக்கும் கணினியும் சூடாகும். ஓரிரு கோர்களுக்குக் கிடைக்கும் உச்ச பூஸ்ட், மற்ற கோர்கள் உறங்குவதால் மிச்சமாகும் மின்சாரத்தையும் வெப்ப இடைவெளியையும் கொண்டே கிடைக்கிறது; சி-ஸ்டேட்டை முடக்கினால் அந்த உச்சமே குறைந்துபோகலாம்.

ரைசன் வைத்திருப்பவர்கள் இதோடு சேர்த்து, லேசான வேலையில் மின்னழுத்தம் 1.4 வோல்ட்டைத் தாண்டுகிறதே என்றும் கவலைப்படுகிறார்கள். ரைசன் 5000 வரிசையில் அது இயல்பு. ஒரு கோர் மட்டும் சில கணங்கள் உச்சத்தைத் தொடும்போது மின்னோட்டம் குறைவாக இருப்பதால் அந்த மின்னழுத்தம் தீங்கு செய்வதில்லை. ஆறு கோர்களும் உழைக்கும்போது அது தானே இறங்குவதை எச்டபிள்யூ-இன்ஃபோவில் காணலாம்.

8. அடிப்படைக் கடிகாரம் 99.8 என்று வருகிறது. 100 ஆக்க வேண்டாமா?

வேண்டாம். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்ற அமைப்பு, மின்காந்த இரைச்சல் ஒரே அலைவெண்ணில் குவியாமலிருக்க, கடிகாரத்தை மிகச் சிறிய அளவில் அசைத்துக்கொண்டிருக்கிறது. 99.8-ஐ 44-ஆல் பெருக்கினால் 4391; அந்த ஒன்பது மெகாஹெர்ட்ஸ் குறைவை எந்த வேலையிலும் நீங்கள் உணரப் போவதில்லை. 102, 103 என்று இதைக் கூட்டவும் வேண்டாம். தனிக் கடிகாரச் சில்லு இல்லாத சாதாரணப் போர்டுகளில் இதைக் கூட்டினால் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் கடிகாரமும் சேர்ந்து ஏறும். அந்த வழியில்தான் உங்கள் எஸ்எஸ்டி இருக்கிறது. வேகத்துக்காகக் கோப்புகளைப் பணயம் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

9. ஐ5-12400 வைத்திருக்கிறேன். வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது அரை நிமிடம் நன்றாக ஓடிவிட்டு வேகம் குறைகிறது. பழுதா?

பழுதன்று, இன்டெலின் மின் வரம்பு வேலை செய்கிறது. இந்தப் பிராசசருக்கு இரண்டு வரம்புகள் உண்டு. நீண்ட நேரத்திற்கானது 65 வாட்; அதற்குப் பிஎல்1 என்று பெயர். சிறிது நேரத்திற்கானது 117 வாட், அது பிஎல்2. எவ்வளவு நேரம் என்பதை டாவ் என்ற எண் தீர்மானிக்கிறது. இதற்கு 28 நொடி. சுமை 65 வாட்டுக்குள் அடங்கினால் ஆறு கோர்களும் 4.0 கிகாஹெர்ட்ஸிலேயே தொடரும். அடங்காவிட்டால் அரை நிமிடம் கழித்து, அடங்கும் அளவுக்கு வேகம் குறையும்.

நல்ல கூலரும், மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியில் ஹீட்சிங்க் வைத்த போர்டும் இருந்தால், பயாஸில் பிஎல்1-ஐ 117-க்கு உயர்த்தலாம். பிராசசரின் பெருக்கி பூட்டப்பட்டிருந்தாலும் பி660, பி760 போர்டுகள் பெரும்பாலும் இதை அனுமதிக்கின்றன. பெட்டியோடு வந்த சிறு கூலரை வைத்துக்கொண்டு இதைச் செய்தால், மின் வரம்பு தடுத்த இடத்தில் வெப்ப வரம்பு தடுக்கும். மின்விசிறியின் ஓசைதான் மிச்சமாகும்.

10. பயாஸிலேயே வரம்பை முழுவதும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறது. ஆம் என்று கொடுத்துவிடட்டுமா?

கொடுக்காதீர்கள். போர்டு நிறுவனங்கள் தங்கள் போர்டு சோதனைகளில் முந்தி நிற்க வேண்டும் என்பதற்காக, வரம்பை 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று பொருள்படும்படி வைப்பது நெடுங்காலமாக நடந்து வந்தது. மல்டி கோர் என்ஹான்ஸ்மென்ட் போன்ற பெயர்களில் எல்லாக் கோர்களையும் உச்ச வேகத்திற்கே தள்ளும் அமைப்புகளும் சில போர்டுகளில் தாமாகவே இயங்கும் நிலையில் வந்தன.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஐ9-13900கே, ஐ9-14900கே போன்றவை விளையாட்டுகளின் நடுவே நின்றுபோவதாகப் புகார்கள் பெருகின. முதலில் போர்டுகளின் கட்டுப்பாடற்ற மின் அமைப்புகள்மீது பார்வை திரும்பியது; பிறகு 2024 ஜூலையில், பிராசசருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டதும் காரணம் என்று இன்டெல் அறிவித்தது. அடுத்த மாதம் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. அதன் பின் 0எக்ஸ்12பி வந்தது. பாதிக்கப்படக்கூடிய மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன சில்லை எந்த மைக்ரோகோடாலும் மீட்க முடியாது. ஆகவே இந்த இரண்டு தலைமுறைகளில் ஒன்றை வைத்து அசெம்பிள் செய்தால், மூன்றாம் விடையில் சொன்ன பயாஸ் புதுப்பிப்பை விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே செய்துவிட்டு, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். 12400 இந்தச் சிக்கலில் இல்லை. அது அதற்கு முந்தைய தலைமுறை.

11. என் பிராசசரை ஓவர்க்ளாக் செய்ய முடியுமா, முடியாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஓவர்க்ளாக் என்றால் அறிவிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. அதற்குப் பிராசசர், போர்டு இரண்டும் அனுமதிக்க வேண்டும். இன்டெலில் பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து உள்ளவையே பெருக்கி திறந்தவை. அவற்றை இசட்690, இசட்790 போன்ற இசட் வகைப் போர்டில் வைத்தால்தான் பெருக்கியைக் கூட்ட இயலும். கடைசியில் வெறும் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று மட்டுமே பொருள்.

ஏஎம்டியின் டெஸ்க்டாப் ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தவை. பி450, பி550, பி650 போர்டுகளும் எக்ஸ் வரிசைப் போர்டுகளும் அனுமதிக்கும். ஏ320, ஏ520, ஏ620 அனுமதிக்காது. ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு முக்கியமான விலக்கு. அதன்மேல் அடுக்கப்பட்ட கேஷ் நினைவகம் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தாங்காது என்பதால் பெருக்கி பூட்டப்பட்டே வருகிறது.

12. நண்பன் தன் 5600-ஐ எல்லாக் கோர்களிலும் 4.6, 1.35 வோல்ட் என்று வைத்திருக்கிறான். நானும் அதையே போடலாமா?

போட வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒரே வரிசையில் வந்த இரண்டு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அவருடைய எண் உங்கள் சில்லுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது, மின் செலவு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் வேகத்தை ஐந்து விழுக்காடும் கூட்டினால் வெப்பமாக வெளிவரும் வாட் அளவு ஏறத்தாழ 27 விழுக்காடு கூடிவிடும். இருபத்தேழு கொடுத்து ஐந்து வாங்கும் பேரம் இது. ஏழாம் விடையில் சொன்ன, வேலைக்கேற்ப மின்னழுத்தத்தை இறக்கும் திறனையும் நிலையான எண் போட்டவுடன் இழந்துவிடுகிறீர்கள்.

அவருடைய கணினி நாள் முழுவதும் ரெண்டரிங் மட்டுமே செய்யும் என்றால் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. விளையாட்டும் அலுவலக வேலையும் படிப்பும் கலந்த வீட்டுக் கணினிக்கு அடுத்த விடையில் சொல்லும் வழியே மேல்.

13. பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

ரைசன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முதன்மையான வரம்புகள் மூன்று. 5600-இல் பிபிடி (மொத்த மின்சாரம்) 76 வாட், டிடிசி (நீண்ட நேர மின்னோட்டம்) 60 ஆம்பியர், ஈடிசி (சிறு நேர உச்ச மின்னோட்டம்) 90 ஆம்பியர். பெட்டியில் எழுதப்பட்ட 65 வாட் என்பது கூலரைத் தேர்ந்தெடுப்பதற்கான எண். சாக்கெட்டுக்குள் போகும் மின்சாரத்தின் வரம்பு 76. பிபிஓ இந்த மூன்றையும் தளர்த்துகிறது. பெருக்கியைப் பூட்டிவிடாமல், பிராசசரின் முடிவெடுக்கும் உரிமையை அதனிடமே விட்டு, அதன் எல்லையை மட்டும் விரிப்பது இதன் நன்மை.

கர்வ் ஆப்டிமைசர் இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு வேகத்திற்கும் எவ்வளவு மின்னழுத்தம் என்ற ஒரு கோடு சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டை மொத்தமாகக் கீழே இறக்கும் வழி இது. ஒரு எண்ணுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட் வரை இறங்கும். குறைந்த மின்னழுத்தத்தில் அதே வேகம் கிடைப்பதால் வெப்பம் குறைகிறது. குறைந்த வெப்பத்தையும் மின்சாரத்தையும் பயன்படுத்திப் பிராசசர் தானே இன்னும் சற்று மேலே போகிறது. வேகம் கூடி வெப்பம் குறையும் அமைப்பு வேறெதிலும் எளிதில் கிடைக்காது. ஆகவே நேரம் செலவிட விரும்புபவர்களை நான் இதற்கே அனுப்புவேன். எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ் 10 என்று தொடங்கி, சில நாட்கள் பயன்படுத்தி, நிலையாக இருந்தால் 15, பிறகு 20 என்று போங்கள். 30-ஐ முதல் நாளே போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை இந்த இடத்தில் மீறாதிருங்கள். எக்ஸ்எம்பியையும் கர்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுக் கணினி நின்றால், தவறு எதில் என்று கண்டுபிடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

14. இரண்டு மணி நேரம் கேம் ஆடினேன், ஒன்றும் ஆகவில்லை. நிலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. கர்வ் ஆப்டிமைசரில் எல்லை மீறினால் கணினி முழுச் சுமையில் நிற்பதைவிட, லேசான வேலையில், சில நேரம் யாரும் தொடாமலிருக்கும்போது, திடீரென மறுதொடக்கம் ஆவதே மிகுதி. ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்திற்குத் தாவும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் போதாமல் போகிறது. ஆறு கோர்களும் உழைக்கும் சோதனையில் அந்தக் கணம் வருவதே இல்லை. கோர்சைக்ளர் என்ற கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்கும். அதை ஓர் இரவு ஓடவிடுங்கள். ராமுக்கு மெம்டெஸ்ட்86 தனியாக ஓட வேண்டும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கணினி நிற்காவிட்டாலும் அங்கே பதிவுகள் இருந்தால் அமைப்பு எல்லையில் தத்தளிக்கிறது என்று பொருள், எண்ணைக் குறையுங்கள். தவறான ஒரு பிட் ஆய்வேட்டிலோ திருமண வீடியோவிலோ எழுதப்பட்டுவிட்டால், அது கெட்டது பல மாதம் கழித்தே தெரியவரும்.

15. மே மாதம் 90 பாகைக்குப் போகிறது. கருகிவிடுமா?

கருகாது. 5600-இன் உச்ச வரம்பு 90 பாகை செல்சியஸ். அதை நெருங்கும்போது பிராசசர் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாதிரிகளோ முழுச் சுமையில் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்று உழைக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் சாதாரண விளையாட்டிலேயே 5600 தொண்ணூறைத் தொடுகிறது என்றால் குளிர்விப்பில் குறை இருக்கிறது. காற்றாலோ நீராலோ இயங்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்திற்குக் கீழே கொண்டுபோக முடியாது. அக்னி நட்சத்திரத்தில் அறை 36 பாகையில் இருந்தால், மார்கழியில் 26 பாகை அறையில் நீங்கள் குறித்த எண்களோடு ஏறத்தாழ பத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் விளிம்புவரை தள்ளி வைத்த ஓவர்க்ளாக் மே மாதத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

16. புதுக் கணினி. ஆனால் வேகம் 0.5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. என்ன செய்வது?

முதலில் கூலரைக் கழற்றிப் பாருங்கள். தனியாக வாங்கிய கூலர்களின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பொருத்திவிடுவது மிகப் பரவலான தவறு. அனுபவம் உள்ளவர்களும் செய்கிறார்கள். வெப்பம் வரம்பை முட்டியதும் பிராசசர் தன் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிக்கொள்ளும். தாள் இல்லையென்றால் நான்கு திருகுகளும் சமமாக இறுகியிருக்கின்றனவா, தெர்மல் பேஸ்ட் பரவியிருக்கிறதா, கூலரின் மின்விசிறி உரிய இணைப்பில் செருகப்பட்டுச் சுழல்கிறதா என்று பாருங்கள்.

வெப்பம் 40 பாகையில் இருக்கும்போதே வேகம் ஏறவில்லை என்றால் காரணம் வேறு. மதர்போர்டில் உள்ள ஏதோ ஓர் உணர்வி, பிராசசரைக் கட்டாயமாக மெதுவாக்கும் சைகையை அனுப்பிக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி சூடேறினாலும் இது நேரும். ஆறாம் விடையில் சொன்னபடி சீமாஸை அழித்து, பயாஸைப் புதுப்பித்து, விண்டோஸின் பவர் பிளானில் அதிகபட்ச பிராசசர் நிலை 100 விழுக்காடாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் போர்டை உத்தரவாதத்தில் கொடுப்பதே வழி.

17. அப்பாவின் பழைய அத்லான் எக்ஸ்பி 2500+ கணினியைத் தூசி தட்டிப் பேட்டரி மாற்றினேன். 1833-க்குப் பதில் 1100 என்று காட்டுகிறது. இதற்கும் ஆட்டோதானா?

இதற்கு மட்டும் இல்லை. அந்தக் காலப் போர்டுகள் பலவற்றில் எஃப்எஸ்பி எனப்படும் அடிப்படைக் கடிகாரத்தை அசெம்பிள் செய்பவரே அமைக்க வேண்டும். பேட்டரி போய்ச் சீமாஸ் அழிந்தால், எந்தப் பிராசசரும் தொடங்கும்படியான 100 மெகாஹெர்ட்ஸுக்குப் போர்டு திரும்பிவிடும். உங்கள் பிராசசரின் பெருக்கி 11. 100-ஐப் பெருக்கினால் 1100. உரிய 166-ஐ (துல்லியமாக 166.67) பெருக்கினால் 1833. பயாஸில் எஃப்எஸ்பியை 166 என்று மாற்றுங்கள். அங்கே அந்த வரி இல்லையென்றால் போர்டில் 100, 133, 166 என்று எழுதப்பட்ட ஜம்பரைத் தேடுங்கள். ராம் டிடிஆர்333 வகையாக இருந்தால் அதே கடிகாரத்தோடு ஒத்துப்போகும்.

18. இதையெல்லாம் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா?

ஓவர்க்ளாக்கால் நேர்ந்த சேதம் உத்தரவாதத்தில் வராது என்று ஏஎம்டி சொல்கிறது. பிபிஓவும் அதில் அடக்கம். அறிவிக்கப்பட்ட ராம் வேகத்தைத் தாண்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ புரொஃபைல்களும் ஓவர்க்ளாக்காகவே எண்ணப்படுகின்றன. 5600-க்கும் 12400-க்கும் டிடிஆர்4-3200 அறிவிக்கப்பட்ட வேகத்துக்கு உட்பட்டது. ரைசன் 7000-க்கு அறிவிக்கப்பட்டது 5200, ஆகவே பலரும் வாங்கும் 6000 ராம் அதைத் தாண்டியது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

19. எல்லாம் ஆறு மாதமாக நன்றாக இருந்தது. நேற்று பயாஸ் அப்டேட் செய்தேன். இன்று கணினி மந்தமாகிவிட்டது.

புதிய பயாஸ் ஏறும்போது பழைய அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும். சேமித்து வைத்த புரொஃபைல்களையும் புதிய பதிப்பு பல நேரம் ஏற்பதில்லை. உங்கள் ராம் மறுபடியும் 2133-க்குத் திரும்பியிருக்கும். நான்காம் விடையில் சொன்னபடி எக்ஸ்எம்பியைப் போடுங்கள், கர்வ் எண்களை மீண்டும் எழுதுங்கள், பிறகு சினிபெஞ்ச் ஓட்டி, முதல் நாள் குறித்து வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.